பெரியம்மாவுக்கு இரண்டாவது ஸ்ட்ரோக்: வயிற்றில் குழாய் வைக்கணுமா, வேண்டாமா?

வளர்ப்புமகள் | செவ்வாய், இரவு 11:40

இதே இடத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரிடம் ஒரு முடிவு சொல்லணும்.

பெரியம்மாவுக்கு 86 வயது. அம்மாவின் அக்கா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நாலு வயதிலிருந்து எனக்கு அவர்தான் எல்லாம். மூன்று வருஷம் முன்பு வந்த முதல் ஸ்ட்ரோக்கில் இடது கை தளர்ந்தது, மற்றபடி தேறிவிட்டார். இந்த முறை மூளையின் இடது பக்கம். பெரிய ரத்தக்கட்டு. வலது கையும் காலும் சுத்தமாக விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது, பேச்சு போய்விட்டது. இன்றோடு 13 நாள்.

முதல் நாளே ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், புரை ஏறியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். தளர்ந்த அந்த இடது கையாலேயே இரண்டு முறை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இப்போது அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிவைத்திருக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்ததும் அவிழ்த்துவிடுவேன். கிளம்பும்போது திரும்பவும் கட்டுவார்கள். அப்போது அவர் என்னைப் பார்க்கிற பார்வையை இங்கே எழுத வரவில்லை.

நடுவில் நிமோனியா வந்து மருந்தில் அடங்கியது. பெரும்பாலும் தூக்கம்தான். டாக்டர் நேற்று என்னை உட்காரவைத்துச் சொன்னார்: விழுங்கும் சக்தி திரும்புவது கஷ்டம், பேச்சும் வராது. இனி இரண்டு வழி. வயிற்றில் துளை போட்டு நிரந்தரக் குழாய் வைக்கலாம். இல்லையென்றால் குழாயை எடுத்துவிட்டு, வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம்.

பெரியம்மாவின் தம்பி, என் மாமா, தொலைவிலிருந்து வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "வளர்த்தவளைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

அதற்கப்புறம் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கூடஇருப்பவன் | செவ்வாய், நள்ளிரவு 12:05

அக்கா, என் தாத்தா பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை. படித்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பேச்சுப்பயிற்சியாளர் | புதன், காலை 6:50

சகோதரி, ஸ்ட்ரோக் வந்தவர்களின் விழுங்கும் சிக்கலைப் பார்ப்பதுதான் என் வேலை. பெரியம்மாவை நேரில் பார்க்காமல் அவரைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்க முடியும்.

ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாள் விழுங்குவதில் தடை இருக்கும். அதில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அது சரியாகிவிடுகிறது. காரணம், விழுங்கும் வேலைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை போகிறது. ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் மெல்ல அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். முதல் ஸ்ட்ரோக்கில் பெரியம்மா தேறியதும் அப்படித்தான் இருக்கும். மூளையின் ஒரு பக்கம் உடம்பின் எதிர்ப்பக்கத்தை இயக்குகிறது; அப்போது இடது கை தளர்ந்தது என்றால் அடிபட்டது மூளையின் வலது பக்கம். இப்போது ஏற்றுக்கொள்ள வேண்டியதும் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட அந்த வலது பக்கம்தான். 86 வயது, தூக்கம் அதிகம், நிமோனியா வேறு வந்திருக்கிறது. டாக்டரின் கணக்கு இதுதான்.

இன்னொன்று. குழாய் வைத்தால் நிமோனியா வராது என்று குடும்பங்கள் நம்புகின்றன. சொந்த எச்சிலே மூச்சுக்குழாயில் இறங்கும். வயிற்றில் விட்டதும் எதுக்களித்து மேலே வரும். வயிற்றுக் குழாய் வைத்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் வாய்வழியாக எதுவுமே கூடாது என்றும் இல்லை. நன்றாக விழித்திருக்கும் நேரத்தில், நிமிர்த்தி உட்காரவைத்து, அவருக்குப் பிடித்த ருசியில் கால் ஸ்பூன் நாக்கில் தடவலாம். இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடணும். வயிற்றை நிரப்ப இது போதாது. நாக்குக்கு ஒரு ருசி தெரியட்டுமே என்றுதான் கொடுப்பது.

பத்துவாரம் | புதன், காலை 9:15

மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். என் அப்பாவுக்கும் இதே மாதிரி 12-ஆம் நாள் "இனி விழுங்க மாட்டார்" என்றார்கள். மூக்குக் குழாயோடு பத்து வாரம் ஓட்டினோம். பதினோராவது வாரம் அவரே கையில் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். அதற்கப்புறம் நாலு வருஷம் எங்களோடு இருந்தார். 13 நாள் என்பது ரொம்பக் குறைவு. அவசரப்படாதீர்கள்.

இரவுப்பணி | புதன், மாலை 4:30

நான் வயதானவர்களுக்கான கடைசிக்கால சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். 19 வருஷமாக.

@பத்துவாரம், உங்கள் அப்பா தேறியதைப் படிக்க நிறைவாக இருந்தது. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் ஒன்று கேட்கிறேன். அது அவருக்கு முதல் ஸ்ட்ரோக்கா? அப்போது அவர் விழித்திருந்தாரா, சொன்னதைப் புரிந்து செய்தாரா? இந்த மூன்றும்தான் வித்தியாசம்.

வளர்ப்புமகள், டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் மறந்துபோகும். முதலாவது, முதல் வாரத்தைவிட இப்போது எதிலாவது முன்னேற்றம் இருக்கிறதா: விழிப்பிலா, சொன்னதைப் புரிவதிலா, எச்சிலை விழுங்குவதிலா? இரண்டாவது, குழாய் வைத்து நன்றாகவே போனாலும் ஆறு மாதம் கழித்து அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும்? மூன்றாவது, இரண்டு மூன்று வாரம் மட்டும் மூக்குக் குழாயோடு பார்த்துவிட்டு, தேறவில்லையென்றால் நிறுத்த ஒப்புக்கொள்வீர்களா? இந்த மூன்றாவது வழியை நிறையக் குடும்பங்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. நாளைக் குறித்துக்கொண்டு பார்ப்பது. தேறுகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் ஏதாவது ஒரு அடையாளம் காட்டிவிடுவார்கள்.

இப்போது மாமாவின் கேள்வி. புற்றுநோய் முற்றியவருக்குப் பசி தானாக அடங்கிவிடும். அங்கே பதில் சொல்வது எளிது. ஸ்ட்ரோக்கில் அதையே அப்படியே சொன்னால் அது முழு உண்மை ஆகாது. குழாயை நிறுத்தினால் நாள் குறையும். சில நாளிலிருந்து இரண்டு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம். இதை உங்களிடம் மறைத்தால் பின்னால் நீங்கள் உங்களையே குத்திக்கொள்வீர்கள். ஆனால் அவர் வயிறு காய்ந்து துடிப்பார் என்று மாமா மனசில் ஓடுகிற காட்சி இருக்கிறதே, அதை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. உணவு நின்ற ஓரிரு நாளில் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், அப்போது பசி மரத்துப்போகும். மிஞ்சுவது வாய் உலர்வதுதான். அதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது: மணிக்கொரு தரம் வாயை ஈரம் பண்ணுவது. நரம்பில் ஏற்றுகிற தண்ணீர்கூட வாய் வறட்சியை அவ்வளவாகத் தீர்க்காது. கடைசி நாட்களில் அது நெஞ்சில் கோழையாகவும் காலில் வீக்கமாகவும்தான் சேரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. பேசிக்கொண்டிருந்த காலத்தில் பெரியம்மா இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

வளர்ப்புமகள் | புதன், இரவு 10:20

சொல்லியிருக்கிறார். முதல் ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா குழாயோடு படுத்திருந்தார். கண் கூரையிலேயே இருக்கும். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை இப்படிப் போட்டு வெச்சிடாதடி, நீதான் பாத்துக்கணும்" என்றார். நான் அப்போது கோபப்பட்டு, "வாயைக் கழுவுங்க" என்றேன். பேச்சை மாற்றிவிட்டேன்.

இதுவரை யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நானே ஏதோ முடிவு பண்ணிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

பதினான்குமாதம் | வியாழன், அதிகாலை 2:10

தங்கச்சி, நான் இந்தத் தளத்தில் எழுதுகிற ஆள் இல்லை, வாசிப்பதோடு சரி. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு வயிற்றுக் குழாய் வைத்தேன். அம்மாவும் இதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அதை யாரும் எடுக்கவில்லை, நானும்தான். பதினாலு மாதம் இருந்தார். அந்தப் பதினாலு மாதத்தில் ஒருநாள்கூட என்னை அடையாளம் தெரிந்து சிரிக்கவில்லை. இடுப்பில் படுக்கைப்புண் எலும்பு தெரிகிற அளவுக்குப் போனது. நாலு முறை நிமோனியா, நாலு முறை ஆஸ்பத்திரி. பார்த்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, இரண்டு மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்துப் புரட்டிப் போட்டோம். அப்படியும் வந்தது.

உங்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை டாக்டரிடமும் அண்ணன்களிடமும் சொல்லியிருந்தால் அந்த முடிவை எடுக்கிற பாரம் என்னுடையதாக இருந்திருக்காது. அது அம்மாவே எடுத்த முடிவு. நான் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் விட்டேன். நீங்கள் மாமாவிடம் சொல்லுங்கள்.

பத்துவாரம் | வியாழன், காலை 8:40

@இரவுப்பணி, அப்பாவுக்கு அது முதல் ஸ்ட்ரோக். கண் திறந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையாட்டுவார். நேற்றிரவு யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வித்தியாசம் புரிகிறது.

சகோதரி, பெரியம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. மன்னிக்கவும்.

வளர்ப்புமகள் | வியாழன், இரவு 9:55

மாமாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "என்கிட்ட அக்கா அப்படிச் சொன்னதே இல்லையே" என்கிறார். பிறகு அறைக்கு வெளியே போய் நின்று அழுதார். அவரை எப்படிச் சமாளிப்பது?

இரவுப்பணி | வியாழன், இரவு 11:30

தூரத்திலிருந்து கடைசியில் வந்து சேர்கிற உறவுதான் எல்லாவற்றையும் செய்யச் சொல்லும். எங்கும் நடப்பதுதான். 1991-லேயே அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்று இதற்குப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நீங்கள் 13 நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியதை அவர் ஒரே நாளில் விழுங்க வேண்டியிருக்கிறது. கூட இல்லாமல் போனோமே என்கிற குற்ற உணர்ச்சி வேறு.

அவரோடு வாதாடாதீர்கள். டாக்டர் பேசும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், ஸ்கேன் படத்தை அவருக்கும் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். வாயை ஈரம் பண்ணுவதை அவரிடம் விட்டுவிடுங்கள். எப்படி என்று எழுதுகிறேன், காட்டிக்கொடுங்கள்: குழந்தைகளுக்கான மெல்லிய டூத்பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கு என்று தடவணும். தலை ஒருக்களித்து இருக்கணும், சொட்டக் கூடாது. விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் எச்சிலும் அழுக்கும் அவருக்குத் தெரியாமலேயே தேங்கும், அங்கே முதலில் துடைக்கணும். அப்புறம் உதட்டுக்குக் களிம்பு. ஸ்பாஞ்சுக் குச்சியும் கிடைக்கும். பல்லைக் கடிக்கிறவராக இருந்தால் ஸ்பாஞ்சு பிய்ந்து உள்ளே போய்விடும், அதனால் நான் பிரஷ்தான் சொல்வேன்.

சாப்பாடு கொடுக்கணும் என்று வந்தவருக்கு இதுவும் ஊட்டுகிற மாதிரிதான்.

வளர்ப்புமகள் | சனி, மாலை 6:15

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். குழாய் எடுத்தாயிற்று. டாக்டர் மாமாவுக்குப் படம் காட்டினார். இரண்டு பக்கத்திலும் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு மாமா ஒன்றும் பேசவில்லை. வண்டியில் பெரியம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கை கட்டு இல்லை. மூக்கைத் தடவித் தடவிப் பார்க்கிறார். அதைப் பார்த்தபோது 16 நாளில் முதல்முறையாக மூச்சு விட்டேன்.

நோய்த்தணிப்பு சிகிச்சைக் குழுவிலிருந்து நர்ஸ் வந்துபோனார். ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வலிக்கு மார்ஃபின் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடவே பயமாக இருக்கிறது. பேச முடியாதவருக்கு வலிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவுப்பணி | சனி, இரவு 8:00

மூச்சு, முனகல், முகம், உடம்பு, நாம் தொட்டால் அடங்குகிறதா என்பது. இந்த ஐந்தையும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டு மொத்தம் 10-க்குக் கணக்குப் பார்க்கிற முறையே இருக்கிறது, மறதிநோய் முற்றிப் பேச முடியாமல் போன முதியவர்களுக்காக உண்டாக்கியது. புருவம் சுருங்குகிறதா, புரட்டும்போது மட்டும் முனகுகிறாரா, நல்ல கை முறுக்கிக்கொள்கிறதா என்று ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். நர்ஸ் வரும்போது அந்த நோட்டு போதும்.

ஸ்ட்ரோக்கில் வலி வருகிற இடங்கள் உண்டு. விழுந்த பக்கத்துத் தோள்பட்டை முதலில். அந்தக் கையைப் பிடித்து ஒருநாளும் தூக்காதீர்கள், மூட்டு நழுவியிருக்கலாம். புரட்டும்போது முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத்தான் புரட்டணும். கை தொங்காமல் தலையணை மேல் இருக்கட்டும். குதிகாலுக்கு அடியில் எதுவும் படாத மாதிரி கெண்டைக்காலுக்குத் தலையணை கொடுங்கள். திடீரென்று நிலைகொள்ளாமல் தவித்தால் மார்ஃபினுக்கு முன்னால் சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதித் தவிப்பு அதில் தீர்ந்துவிடும்.

மார்ஃபினைப் பற்றி: சின்ன அளவில் ஆரம்பித்து, வலிக்குத் தக்கபடி ஏற்றினால் அது உயிரை எடுக்காது. வலியைக் குறைக்கும், மூச்சுத் திணறலைத் தணிக்கும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். வலிப்பு மருந்து ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் சும்மா நிறுத்திவிடக் கூடாது. வாயால் கொடுக்க முடியாவிட்டால் வேறு வழியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பேச்சுப்பயிற்சியாளர் | ஞாயிறு, காலை 7:20

இன்னொன்றும் சொல்லணும். பேச்சு போனது என்றால் புரிவதும் முழுதாகப் போய்விட்டது என்று எடுக்காதீர்கள். வார்த்தை புரியாதபோதும் குரலின் தொனி புரியும். அவருடைய வலது பக்கத்தை அவர் கவனிக்காமல் இருக்கலாம், அதனால் இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். கேள்வி கேட்பதானால் ஆம், இல்லை என்று தலையசைத்தோ கண்ணாலோ சொல்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி. பதிலுக்கு நிறைய நேரம் கொடுங்கள். காரணமில்லாமல் அழுதால் பதற வேண்டாம். இரண்டு பக்கமும் அடிபட்டவர்களுக்கு அழுகை தானாக வரும், துக்கத்தால்தான் என்று இல்லை.

வளர்ப்புமகள் | செவ்வாய், இரவு 1:30

யாராவது விழித்திருக்கிறீர்களா? சாயங்காலத்திலிருந்து கண் திறக்கவில்லை. மூச்சு வேகமாக வந்து, அப்படியே குறைந்து, நின்றுவிடுகிறது. நான் எண்ணினேன், ஒருமுறை 25 வினாடி. அப்புறம் பெரிதாக இழுத்து மறுபடி ஆரம்பிக்கிறது. தொண்டையில் கறகறவென்று சத்தம். மூச்சடைத்துச் சாகிறாரோ என்று மாமா நடுங்குகிறார்.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 1:38

விழித்திருக்கிறேன் அம்மா.

ஏறி இறங்கி நிற்கிற மூச்சு கடைசி நேரத்து மூச்சு. 1818-இலும் 1854-இலும் அதை விவரித்து எழுதிய செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு டாக்டர்களின் பெயர்தான் இன்றைக்கும் அதற்கு. அவருக்கு அது திணறலாகத் தெரியாது. கறகற சத்தம், விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்கி மூச்சுக்கு அசைவது. கேட்கிறவர்களுக்குத்தான் அது வேதனை. சக்ஷன், அதாவது குழாய் விட்டுச் சளியை உறிஞ்சுவது, ஆழமாகப் போட வேண்டாம், அது உறுத்தும். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கோழையைக் குறைக்கிற ஊசி குழு கொடுத்திருப்பார்கள், இப்போதே கூப்பிடுங்கள். இருக்கிற சளியை அது எடுக்காது, புதிதாகச் சுரப்பதைத்தான் குறைக்கும். அதனால் சீக்கிரம் போட்டால் நல்லது.

கால் விரல், முழங்கால் பார்த்தீர்களா? நீலமும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறதா?

வளர்ப்புமகள் | செவ்வாய், இரவு 1:52

ஆமாம். பாதம் சில்லென்று இருக்கிறது.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 1:55

அப்படியென்றால் மணிக்கணக்குதான், போனால் ஒரு நாள். போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போங்கள். பேசுங்கள். கனடாவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவு தப்பிய கடைசி மணி நேரத்திலும் சிலருடைய மூளை சத்தத்துக்கு எதிர்வினை காட்டியதை அலைப்பதிவில் பார்த்திருக்கிறார்கள். இடது பக்கம் உட்காருங்கள்.

பதினான்குமாதம் | செவ்வாய், இரவு 2:20

தங்கச்சி, நானும் விழித்திருக்கிறேன்.

வளர்ப்புமகள் | வெள்ளி, மாலை 5:00

புதன்கிழமை விடிகாலை 5:10-க்கு அடங்கினார். சத்தம் ஊசி போட்டபின் குறைந்திருந்தது. மாமா மணிக்கொரு தரம் அலாரம் வைத்து பிரஷ்ஷை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசி முறை துடைத்தபோது பெரியம்மாவின் உதடு லேசாகக் குவிந்தது. சின்ன வயதில் ஊட்டிவிடும்போது அக்கா இப்படித்தான் உதட்டைக் குவித்துக் காட்டுவாள், நானும் அதே மாதிரி வாயைத் திறப்பேன் என்றார் மாமா. அதற்கப்புறம் அரை மணி நேரம்.

நான் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் கட்டின தழும்பு இன்னும் இருந்தது.

"வாயைக் கழுவுங்க" என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டாரா தெரியாது, நான் சொன்னேன்.

கூடஇருப்பவன் | வெள்ளி, இரவு 9:30

அக்கா, என்ன சொல்ல. இந்த இழை முழுவதையும் இரண்டு முறை படித்தேன். தாத்தாவுக்கும் இன்று குழாய் பேச்சை எடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது நாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வளர்ப்புமகள் | வெள்ளி, இரவு 9:42

தம்பி, இது அவருக்கு முதல் ஸ்ட்ரோக்கா? விழித்துப் பார்க்கிறாரா? கையைக் கட்டியிருக்கிறார்களா? எழுது, நான் இருக்கிறேன்.